பெட்ரோல் காரா? டீசல் காரா? பழைய கார் வாங்குவோர் போட வேண்டிய கணக்கு

ஒரே கம்பெனி கார். ஒரே உருவம். ஒரே ஆண்டில் செய்தவை. ஒன்று பெட்ரோலில் ஓடுகிறது. மற்றொன்று டீசலில் ஓடுகிறது.

இரண்டும் பழைய கார்கள். இரண்டும் விலைக்கு வந்திருக்கின்றன. எதை வாங்கலாம்?

"டீசல்தான் சிக்கனம்" என்பார் ஒருவர். "டீசல் வேண்டாம். செலவு வைத்துவிடும்" என்பார் மற்றொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்! ஆனால், யாருக்கு எது உண்மை? அதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொடுத்தால், பல வருடச் சேமிப்பு கரைந்துவிடும்.

இரண்டு மாவட்டங்கள்

பெரம்பலூரும் அரியலூரும் முன்பு திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001-ல் பிரிந்து, 2002-ல் மறுபடியும் சேர்ந்து, 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டம் ஆயிற்று. பெரம்பலூர் வண்டிகளுக்கு டி.என். 46. அரியலூர் வண்டிகளுக்கு டி.என். 61.

அரியலூரில் ரெயில் நிலையம் இருக்கிறது. பெரம்பலூர் நகரில் ரெயில் நிலையம் இல்லை. பெரம்பலூர்க்காரர்களுக்கு எல்லாம் ரோடுதான். சென்னை - திருச்சி நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் எல்லாம் ரோடு வழியாகத்தான் சந்தைக்குப் போகின்றன.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் அதிகம். அதனால் சிமெண்ட் ஆலைகளும் அதிகம். கல் ஏற்றிய லாரிகள் ஓடும்போது ரோட்டில் தூசி பறக்கும்.

ஆஸ்பத்திரி, கல்யாணம், கோவில், பிள்ளைகளின் படிப்பு என்று குடும்பத்துக்குப் பயணம் இருந்துகொண்டே இருக்கிறது. புதுக் கார் வாங்கப் பணம் போதாது. எனவே பழைய கார் தேடுகிறார்கள்.

எஞ்சினில் என்ன வித்தியாசம்?

பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகின்றன. அந்தக் கலவையை எஞ்சின் அமுக்குகிறது. "பிளக்" ஒரு தீப்பொறியை விடுகிறது. கலவை தீப்பிடிக்கிறது. வண்டி ஓடுகிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்று மட்டும் உள்ளே போகிறது. அந்தக் காற்றை எஞ்சின் மிகப் பலமாக அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலத்தான். ஆனால் இங்கே சூடு பல நூறு டிகிரி. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே தீப்பிடிக்கிறது.

பலமாக அமுக்குவதால், ஊற்றிய எண்ணெயில் இருந்து அதிக வேலை கிடைக்கிறது. அதுதான் டீசல் கார் ஒரு லிட்டருக்கு அதிக தூரம் ஓடுவதன் ரகசியம்.

ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும். டீசலைப் பீய்ச்சும் "இஞ்செக்டர்" மிக நுட்பமாக இருக்க வேண்டும். அதனால் விலையும் அதிகம். ரிப்பேர் செலவும் அதிகம்.

கப்பலில் மறைந்த மனிதர்

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்! அவர் பெயர் ருடால்ப் டீசல். ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1858-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன் எஞ்சினை ஓட்டி வெற்றி கண்டார்.

1900-ம் ஆண்டு பாரிசில் பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள்!

1913 செப்டம்பரில் டீசல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். இரவு தன் அறைக்குப் போனார். காலையில் அவரைக் காணோம். சில நாள் கழித்து அவர் உடல் கடலில் மிதந்தது. எப்படி இறந்தார் என்பது முடிவாகத் தெரியவில்லை. அவர் பெயர் மட்டும் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லாரி, பஸ், டிராக்டர் என்று கனமான வண்டிகளே முதலில் டீசலில் ஓடின. ஏராளமாகச் செய்து விற்ற முதல் டீசல் கார் 1936-ல் ஜெர்மனியில் வந்த மெர்சிடிஸ் கார்.

டீசல் மோகம் எப்படி வந்தது?

நம் நாட்டில் டீசல் விலையை அரசாங்கம் நெடுநாள் தாழ்த்தியே வைத்திருந்தது. விவசாயிகளின் பம்பு செட்டும் டிராக்டரும் டீசலில் ஓடின. பஸ்சும் லாரியும் டீசலில் ஓடின. டீசல் விலை ஏறினால் அரிசி, பருப்பு விலையும் ஏறும். அதனால் மானியம் கொடுத்தார்கள்.

2010 ஜூனில் பெட்ரோல் விலைக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். டீசலுக்கு மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் சுமார் 73 ரூபாய். டீசல் சுமார் 41 ரூபாய். வித்தியாசம் 32 ரூபாய்!

கார் வாங்குவோர் விடுவார்களா? டீசல் காருக்குப் பாய்ந்தார்கள்.

அப்போது வீதியெங்கும் ஓடியது மாருதி ஸ்விப்ட். 2005-ல் பெட்ரோல் ஸ்விப்ட் வந்தது. 2007-ல் டீசல் ஸ்விப்ட் வந்தது. அதன் எஞ்சின் இத்தாலியின் பியட் கம்பெனி வடிவமைத்த 1,248 சி.சி. எஞ்சின். அதே எஞ்சின் பியட், டாட்டா கார்கள் சிலவற்றிலும் இருந்தது. அதனால் உதிரி பாகமும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பது எளிது.

2011 ஆகஸ்டில் புதிய உருவத்தில் ஸ்விப்ட் வந்தது. பெட்ரோல் ஸ்விப்ட் லிட்டருக்கு 18.6 கிலோமீட்டர் என்றும், டீசல் ஸ்விப்ட் 22.9 கிலோமீட்டர் என்றும் சோதனைக் கணக்கு சொன்னது. அது சோதனைக் கூடத்துக் கணக்கு. ரோட்டில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

டீசல் காரின் விலை பெட்ரோல் காரைவிட ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் கூடுதல். அப்படியும் ஜனங்கள் காத்திருந்து வாங்கினார்கள்.

காற்று திசை மாறியது

2014 அக்டோபரில் டீசலுக்கும் விலைக் கட்டுப்பாடு போயிற்று. வித்தியாசம் சுருங்கியது. 2024 மார்ச்சில் விலை குறைக்கப்பட்டபோது சென்னையில் பெட்ரோல் ஏறக்குறைய 101 ரூபாய். டீசல் ஏறக்குறைய 92 ரூபாய். வித்தியாசம் 9 ரூபாய்க்குள் வந்துவிட்டது.

2020 ஏப்ரல் 1-ந் தேதி "பி.எஸ். 6" என்ற புகைக் கட்டுப்பாடு நாடு முழுவதும் வந்தது. சிறிய டீசல் எஞ்சினை அதற்கு ஏற்ப மாற்றப் பெருஞ்செலவு ஆகும். மாருதி கம்பெனி அன்றோடு டீசல் கார் செய்வதையே விட்டுவிட்டது.

எனவே இன்று சந்தைக்கு வரும் டீசல் ஸ்விப்ட் எல்லாம் அதற்கு முன்பு செய்தவை. வயது ஆனவை.

அண்ணன் கணக்கு, தம்பி கணக்கு

இனி கணக்குக்கு வருவோம். பெரம்பலூரில் அண்ணன், அரியலூரில் தம்பி என்று இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பழைய ஸ்விப்ட் வாங்க நினைக்கிறார்கள்.

அண்ணன் பள்ளிக்கூட ஆசிரியர். பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார். கார் குடும்பத்துக்கு மட்டும். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோவில். மாதம் ஒரு தடவை திருச்சி. ஆக மாதம் 400 கிலோமீட்டர்.

தம்பி மருந்துக் கம்பெனி விற்பனையாளர். வாரம் மூன்று நாள் திருச்சிக்குப் போய் வருகிறார். உள்ளூர் ஓட்டமும் உண்டு. ஆக மாதம் 2,000 கிலோமீட்டர்.

"அண்ணே, டீசலே வாங்குங்க. கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய் மிச்சம்" என்கிறார் தம்பி.

"மிச்சம் சரி தம்பி. எத்தனை கிலோமீட்டருக்கு மிச்சம்?" என்று கேட்கிறார் அண்ணன்.

அண்ணன் கேட்டதுதான் சரியான கேள்வி!

பழைய பெட்ரோல் கார் ரோட்டில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். டீசல் கார் 19 கிலோமீட்டர். பெட்ரோல் 101 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 73 காசு. டீசல் 92 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 84 காசு. மிச்சம் ஏறக்குறைய 1 ரூபாய் 90 காசு. தம்பி சொன்னது உண்மைதான்.

டீசல் கார் 50,000 ரூபாய் கூடுதல் விலை என்றும் வைத்துக்கொள்வோம்.

அண்ணன் வருடத்துக்கு 4,800 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மிச்சம் 9,120 ரூபாய். டீசல் காரின் கூடுதல் பராமரிப்புக்கு வருடம் 6,000 ரூபாய் ஒதுக்கினால், நிற்பது 3,120 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 50,000 ரூபாய் திரும்பி வர 16 வருடம் ஆகும். அதற்குள் காரே இருக்காது!

தம்பி வருடத்துக்கு 24,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மிச்சம் 45,600 ரூபாய். அதிக ஓட்டம் என்பதால் பராமரிப்புக்கு 10,000 ரூபாய் கழித்தால், நிற்பது 35,600 ரூபாய். 50,000 ரூபாய் 17 மாதத்தில் திரும்பிவிடும். பிறகு எல்லாம் லாபம்.

அண்ணனுக்குப் பெட்ரோல். தம்பிக்கு டீசல். ஒரே கார், ஒரே விலை, ஓட்டம்தான் வேறு.

உங்கள் விலையையும் உங்கள் ஓட்டத்தையும் போட்டு, இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகளை விட்டே போடச் சொல்லலாம்.

லாபத்தை விழுங்கும் ரிப்பேர்

தம்பியின் கணக்கில் ஓர் ஆபத்து இருக்கிறது. டீசல் காரில் இஞ்செக்டர், எண்ணெயை அழுத்தும் பம்பு, "டர்போ" ஆகிய மூன்றும் விலை உயர்ந்தவை. இவற்றில் ஒன்று கெட்டாலும் ஒரு வருட மிச்சம் போய்விடும். தண்ணீர் கலந்த டீசல் இஞ்செக்டருக்கு எமன். நல்ல பங்கில்தான் ஊற்ற வேண்டும். டீசல் பில்டரை உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

நெடுந்தூரம் வேகமாக ஓட்டி வந்தவுடன் சாவியைத் திருப்பி நிறுத்தக் கூடாது. ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினால் டர்போவுக்கு நல்லது.

2020-க்குப் பின் வந்த டீசல் காரை வாங்குவோருக்கு ஒரு சொல். அதில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடினால்தான் அந்தக் கரி எரியும். கடைவீதிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் காருக்கும் ஒரு குறை உண்டு. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் சிறிது குறையும். ரப்பர் குழாய்களை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் ஓடும் கார் எதுவானாலும், காற்று பில்டரைக் கழற்றிப் பாருங்கள். சுண்ணாம்புத் தூசி அப்பியிருந்தால், பழைய சொந்தக்காரர் வண்டியைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

காலையில் போய்ப் பாருங்கள். "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்.

புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் உள்ளே தண்ணீர் போகலாம். டீசல் காரில் இஞ்செக்டர் கோளாறாகவும் இருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது டீசல் காரில் கறுப்புப் புகை குபுகுபு என்று வந்தால், இஞ்செக்டரோ டர்போவோ சரியில்லை.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை பலமாகப் பீய்ச்சினால் எஞ்சின் தேய்ந்துவிட்டது.

மீட்டரை நம்பாதீர்கள். மீட்டரைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. பெடல் ரப்பரைப் பாருங்கள். ஸ்டியரிங்கைப் பாருங்கள். மீட்டர் 50,000 என்று காட்டும். பெடல் ரப்பர் வழவழ என்று தேய்ந்திருக்கும். எதை நம்புவது? ரப்பரைத்தான்! கம்பெனி சர்வீஸ் பில்களையும் கேளுங்கள். டீசல் கார் என்றால் இது மிக முக்கியம். அதிகம் ஓட்டுபவர்கள்தானே டீசல் கார் வாங்கினார்கள்?

சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால், அது வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின.

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

டெல்லி கார் மலிவா?

டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் ஆன டீசல் காரும், 15 வருடம் ஆன பெட்ரோல் காரும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. 2025-ல் சில தளர்வுகளும் தந்தது. அந்த உத்தரவு டெல்லி வட்டாரத்துக்கு உரியது. தமிழ்நாட்டுக்கு அல்ல.

அங்கே விலை இறங்கிய டீசல் கார்கள் வெளி மாநிலங்களுக்கு வருகின்றன. விலையைக் கேட்டு மயங்க வேண்டாம். அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசின் தடையில்லாச் சான்று வேண்டும். தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். புது நம்பர் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் மலிவு மறைந்துவிடும்.

வயதையும் கணக்கில் வையுங்கள். சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். பிறகு வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். 2012-ல் பதிவான காருக்கு 2027-ல் 15 வருடம் நிறைகிறது.

பெயர் மாற்றாவிட்டால்?

கார் வாங்குவதில் பலர் ஏமாறும் இடம் எஞ்சின் அல்ல, காகிதம்!

ஒரு வழக்கைக் கேளுங்கள். ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். கார் பல கை மாறியது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-ல் அந்தக் கார் விபத்தில் சிக்கியது. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. "பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், அவரே பொறுப்பு" என்பது தீர்ப்பு.

காரை விற்று வருடம் இரண்டு ஆகியும், விற்றவர் தலையில் பாரம் விழுந்தது!

எனவே விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையை முடிக்க வேண்டும். பெயர் மாற்ற 29-ம் நம்பர் படிவமும், 30-ம் நம்பர் படிவமும் வேண்டும். காரின் மேல் பாங்கிக் கடன் இருந்தால், கடன் தீர்ந்த சான்றும் 35-ம் நம்பர் படிவமும் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்சைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கார் யார் பெயரில் இருக்கிறது, கடன் உண்டா, இன்சூரன்ஸ் உண்டா என்பதை அரசாங்கத்தின் "எம்-பரிவாகன்" செயலியில் செல்போனிலேயே பார்க்கலாம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் தரகரிடம் காரைக் கொடுக்காதீர்கள். அவரிடம் வாங்கவும் செய்யாதீர்கள்.

முடிவு என்ன?

மாதம் 500 கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர், குடும்பத்துக்காக மட்டும் கார் வைப்பவர், பெட்ரோல் கார் வாங்குவது நல்லது. செலவு குறைவு. சத்தம் குறைவு. எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

மாதம் 1,500, 2,000 கிலோமீட்டர் என்று நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர், சர்வீஸ் பில் உள்ள நல்ல டீசல் கார் கிடைத்தால் வாங்கலாம். ரிப்பேருக்கு ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர், எந்தக் கார் நல்ல நிலையில் இருக்கிறதோ அதை வாங்கலாம். கெட்ட டீசல் காரைவிட நல்ல பெட்ரோல் கார் மேல். கெட்ட பெட்ரோல் காரைவிட நல்ல டீசல் கார் மேல்.

கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்காவது மிச்சம் வையுங்கள். வாங்கிய மாதமே டயர் கேட்கும், பாட்டரி கேட்கும், இன்சூரன்ஸ் கேட்கும். பழைய காரின் விலை, விற்பவர் கையில் கொடுப்பதோடு முடிவது இல்லை.